இரவல் குதிரை

நுழையும்முன்

பெரும்பாலான விளையாட்டுகளுக்கு வீரரின் உடலும் ஒரு மட்டையோ பந்தோ போதும். குதிரையேற்றத்தில் வீரருக்கு வாய்க்கும் துணைக்கு உயிர் உண்டு. பசியும் அச்சமும் உண்டு. சந்தையில் விலையும் உண்டு. வசதி குறைந்த வீட்டில் பிறந்தும் இவ்விளையாட்டில் இயல்பான திறன் வாய்க்கப்பெற்ற இளையோர் எவ்வாறு களத்திற்கு வருகின்றனர்? அவர்களை யார், எவ்வகையில் தாங்குகின்றனர்? அத்துணை எங்கே முறிந்துபோகிறது? இவற்றை விளக்குவது இக்கட்டுரை.

1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில், குதிரையேற்றத் தடைதாண்டலின் தனிநபர் பிரிவில் ஒரு மட்டக்குதிரை களமிறங்கியது. அதன் பெயர் ஸ்ட்ரோலர். தரையிலிருந்து தோள்வரை அளந்தால் ஏறத்தாழ 145 சென்டிமீட்டர். சிறுவர் ஏறிப் பழகும் குதிரைகளுக்கு உரிய உயரம் அது. உடன் போட்டியிட்ட குதிரைகளோ அதைவிட ஒரு சாண் உயர்ந்தவை. சில தடைகளின் மேற்கழி அதன் முதுகுக்கும் மேலே இருந்தது. அதன்மேல் அமர்ந்திருந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த 21 வயது மாரியன் கோக்ஸ். அன்றைய போட்டி முழுவதிலும் பிழையேதுமின்றி முடிந்த சுற்றுகள் இரண்டே. அவற்றுள் ஒன்று ஸ்ட்ரோலருடையது. கோக்ஸ் வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஒலிம்பிக் தடைதாண்டலில் தனிநபர் பதக்கம் வென்ற முதல் பெண் அவரே.

இவ்வெற்றிக்குப் பின்னால், களத்துக்கு வெளியே எடுக்கப்பட்ட ஒரு முடிவு உண்டு. கோக்ஸ் இளையோர் பிரிவைக் கடந்து பெரியோர் பிரிவுக்குச் செல்லும் வயதை எட்டியபோது, மட்டக்குதிரையை விற்றுவிட்டு உயரமான குதிரை ஒன்றை வாங்கலாம் என்பதே அவர் தந்தையின் எண்ணம். வழக்கமும் அதுதான். மகள் மன்றாடினார், தந்தை இசைந்தார், குதிரை விற்கப்படவில்லை. அன்று அது வேறொருவர் லாயத்துக்குப் போயிருந்தால் கோக்ஸின் திறமை ஒரு துளியும் குறைந்திராது. ஆனால், அத்திறமை எத்தகையது என்பதை உலகம் அறிந்திராது.

கோக்ஸின் தந்தைக்குக் குதிரையை வைத்துக்கொள்ளும் வசதி இருந்தது. அவ்வசதி இல்லாத வீடுகளில் பிறந்தோருக்கு, திறமை ஓரிடத்திலும் அதை வெளிக்கொணரும் குதிரை வேறொருவர் உடைமையாகவும் இருக்கின்றன. இளம் வீரரைத் தாங்குவது என்பது இவ்விரண்டையும் ஓரிடத்தில் சேர்ப்பதும், சேர்ந்தவற்றைச் சில ஆண்டுகளேனும் பிரியாமல் காப்பதும் ஆகும்.

களமும் கணக்கும்

தடைதாண்டல் போட்டியின் விதிகள் எளியவை. வேலியிட்ட களத்தில் பத்துக்கும் மேற்பட்ட தடைகள் வைக்கப்பட்டிருக்கும். உயர்நிலைப் போட்டிகளில் அவற்றின் உயரம் 1.60 மீட்டர் வரையிலும், அகலத் தடைகளின் அகலம் 2 மீட்டர் வரையிலும் செல்லும். குறுக்குக் கழிகள் ஆழமற்ற கிண்ணங்களில் சும்மா வைக்கப்பட்டிருக்கும். குளம்பு சற்று உரசினாலே உருண்டுவிடும். ஒரு கழி விழுந்தால் 4 பிழைப்புள்ளிகள். தடையின்முன் குதிரை நின்றுவிட்டால் 4 பிழைப்புள்ளிகள். இரண்டாம் முறை நின்றால் வெளியேற வேண்டியதுதான். வீரர் கீழே விழுந்தாலும் அவ்வாறே. குறித்த நேரத்தைக் கடந்தாலும் புள்ளிகள் சேரும். பிழைப்புள்ளி குறைந்தவர் வெல்வார். சமமாக நிற்போர் கடிகாரத்தை எதிர்த்து மீண்டும் ஒரு குறுஞ்சுற்றில் மோதுவர்.

குதிரை அக்களத்தை முன்னதாகப் பார்ப்பதில்லை. வீரர் மட்டும் போட்டிக்கு முன் காலால் நடந்து அளப்பார். குதிரையின் ஒரு பாய்ச்சல் ஏறத்தாழ 3.6 மீட்டர். வீரர் தம் நடையை ஓரடி 90 சென்டிமீட்டராகப் பழக்கிக்கொண்டு, நான்கு அடிக்கு ஒரு பாய்ச்சல் எனக் கணக்கிடுவார். தடையைத் தாண்டி இறங்கும்போது இரண்டடித் தொலைவும், அடுத்த தடைக்கு எழும்பும்போது இரண்டடித் தொலைவும் செலவாகும். எனவே, இரு தடைகளுக்கு இடையே எட்டடி இருந்தால் நடுவில் ஒரு பாய்ச்சல். பன்னிரண்டடி இருந்தால் இரண்டு. களம் அமைப்பவர் வேண்டுமென்றே இக்கணக்கில் அரையடி கூட்டியோ குறைத்தோ வைப்பார். அப்போது பாய்ச்சலை நீட்டுவதா, சுருக்குவதா என்பதை வீரர் நொடிப்பொழுதில் முடிவு செய்ய வேண்டும். அம்முடிவைக் காலின் அழுத்தத்தாலும் உடற்பாரத்தாலும் கடிவாள வாரின் மெல்லிய அசைவாலும் குதிரைக்குச் சொல்ல வேண்டும். ஏழெட்டுப் பாய்ச்சலுக்கு முன்பே எழும்பும் இடத்தைக் காணும் கண்ணும், குதிரையின் வாயை இழுத்து வருத்தாத கையும் சிலருக்குச் சிறு வயதிலேயே அமைந்துவிடுகின்றன. அவையே இவ்விளையாட்டில் திறமை எனப்படுவன. அவை எந்த வீட்டுப் பிள்ளைக்கும் வாய்க்கலாம்.

குதிரையின் செலவு

ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளில் ஏறத்தாழ பத்துக் கிலோ தீனி தின்னும். 30 முதல் 40 லிட்டர் வரை நீர் அருந்தும். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடம் மாற்ற வேண்டும். மருத்துவர், லாயப் பணியாள், பயிற்றுநர், குதிரையை ஏற்றிச் செல்லும் வண்டி, போட்டி நுழைவுக் கட்டணம் என்று செலவு நீளும். குதிரைக்குக் காலில் நோவு கண்டு மூன்று மாதம் களத்துக்குப் போக முடியாவிட்டாலும் இவற்றுள் பெரும்பாலானவை நிற்பதில்லை. பழந்தமிழ்ப் புரவலர் தம்மைப் பாடி வந்தோர்க்குத் தேரும் புரவியும் பரிசிலாக ஈந்தனர் என்பர். பரிசில் பெற்ற புரவிக்கு மறுநாள் காலையிலேயே புல்லும் கொள்ளும் வேண்டும். ஒருமுறை கொடுத்து முடித்துவிடும் உதவி இவ்விளையாட்டில் ஏன் பயன்படுவதில்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

பணத்தைவிட இறுக்கமான இன்னொரு நெருக்கடியும் உண்டு, அது காலம். குதிரை மூன்று, நான்கு வயதில் சேணத்துக்குப் பழக்கப்படுகிறது. அதன்பின் தாழ்ந்த தடைகளில் தொடங்கி, ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உயர்த்தி, ஒன்பது பத்து வயதில்தான் அது உச்சநிலைக்கு ஆயத்தமாகிறது. ஒலிம்பிக் தடைதாண்டலுக்குக் குதிரையின் குறைந்த வயதே ஒன்பது. மறுபுறம், பன்னாட்டுப் போட்டிகளில் இளையோர் பிரிவு என்பது 14 முதல் 18 வயது வரைதான். 14 வயதுச் சிறுமிக்கு நான்கு வயதுக் குதிரையை மலிவாக வாங்கிக் கொடுத்தால், குதிரை முதிரும்போது அவர் அப்பிரிவைக் கடந்திருப்பார். அனுபவமற்ற குதிரையும் அனுபவமற்ற வீரரும் ஒன்றாகப் பழகுவது இருவருக்கும் தீங்கானதும்கூட. ஆகவே, கற்கும் பிள்ளைக்குக் கற்றறிந்த குதிரை வேண்டும். கற்றறிந்த குதிரைக்கோ விலை மிகுதி.

இச்சிக்கலுக்கு நெடுங்காலமாக உள்ள விடை முதிர்ந்த குதிரை. பதினைந்து, பதினாறு வயதில் உயர்ந்த தடைகளிலிருந்து ஓய்வு பெறும் குதிரை, ஒரு மீட்டர் உயரத் தடைகளை இன்னும் சில ஆண்டுகள் களிப்புடன் தாண்டும். களத்தின் ஓசைக்கும் கூட்டத்துக்கும் அது அஞ்சாது. வீரர் சிறு பிழை செய்தால் பொறுத்துக்கொண்டு தாண்டிவிடும். பெரும்பிழை செய்தால் நின்றுவிடும். இவ்வாறு எந்தப் பயிற்றுநரும் சொற்களால் கற்பிக்க முடியாததைக் கற்பிக்கும். உரிமையாளர் அதை விற்காமல், தீனிச் செலவை மட்டும் ஏற்கும் குடும்பத்துக்கு இரவலாகத் தருவது ஐரோப்பாவில் பரவலான வழக்கம். இங்கிலாந்தில் 1929இல் தோன்றிய மட்டக்குதிரைச் சங்கமும் இவ்வழக்கத்துக்குத் துணை நின்றது. ஒரு பிள்ளை வளர்ந்து கால் நீண்டுவிட்டால், அவர் ஏறிய மட்டக்குதிரை ஊரிலுள்ள அடுத்த பிள்ளைக்குச் செல்லும். சொந்தக் குதிரை இல்லாத பிள்ளைகளும் பயிற்சிப் பள்ளிகளின் வழியாகச் சங்கத்தில் சேர இன்று இடமுண்டு.

மலிவான குதிரை மாபெரும் வெற்றி பெற்ற கதைகளும் உண்டு. நெதர்லாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஹாரி டி லேயர், 1956இல் இறைச்சிக்காக ஏற்றிச் செல்லப்பட இருந்த சாம்பல்நிற உழவுக் குதிரை ஒன்றை 80 டாலருக்கு வாங்கினார். பின்பு அதை அண்டையில் வாழ்ந்த ஒருவருக்கு விற்றார். அது வேலிகளைத் தாண்டித் தாண்டிப் பழைய லாயத்துக்கே திரும்பி வந்தது! அதன்பின்தான் அதன் ஆற்றல் புலப்பட்டது. ஸ்னோமேன் என்னும் அக்குதிரை 1958இலும் 1959இலும் அமெரிக்கத் தடைதாண்டலின் தலைமை விருதுகளை வென்றது. கேட்கக் கேட்க இனிக்கும் கதைதான். ஆயினும், ‘திறமை இருந்தால் மலிவான குதிரையே போதும்’ என்று உதவி மறுப்போர் இதனையே சான்றாகக் காட்டுவது பொருந்தாது. டி லேயர் அப்போதே தேர்ந்த வீரர். குதிரைகளைப் பழக்குவதையே தொழிலாகக் கொண்டவர். பதினான்கு வயதுப் பிள்ளையிடம் அதனை எதிர்பார்ப்பது அறமன்று.

படை என்னும் புரவலர்

வசதியற்றோர்க்குக் குதிரை வழங்கிய முதற்பெரும் புரவலர் அரசின் படையே ஆகும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தடைதாண்டல் என்பது குதிரைப்படையினரின் கலையாக இருந்தது. தாண்டும்போது உடலை முன்னோக்கிச் சாய்த்துக் குதிரையின் முதுகை விடுவிக்கும் இன்றைய அமர்வுமுறையை வகுத்தவர், இத்தாலியக் குதிரைப்படை அதிகாரியான பெடரிகோ காப்ரில்லி. படையில் குதிரை அரசுடையது. தீனியும் லாயமும் அரசுடையவை. பயிற்சி நேரமும் பணிநேரமே. அதனால், பெருஞ்செல்வம் இல்லாத இளம் அதிகாரியும் திறமையால் உயர முடிந்தது.

ஆனால், அக்கதவு அனைவருக்கும் திறந்திருக்கவில்லை. 1948 வரை ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் படையினருள் அதிகாரிகள் மட்டுமே பங்கேற்கலாம். அவ்வாண்டு நடைப்பயிற்சிப் போட்டியில் சுவீடன் அணி தங்கம் வென்றது. அணியின் ஒருவரான யென்னல் பெர்சன் உண்மையில் அதிகாரி அல்லர், சார்ஜன்ட் நிலையில் உள்ளவர் என்பது பின்னர் வெளிப்பட, அப்பதக்கம் பறிக்கப்பட்டது. குதிரைமீது அவர் செய்ததில் எவரும் குறை காணவில்லை. தோளில் இருந்த பட்டையில்தான் குறை. 1952இல் விதி மாற்றப்பட்டது. அதே பெர்சன் மீண்டும் வந்து அணியுடன் தங்கம் வென்றார். பெண்கள் ஒலிம்பிக் தடைதாண்டலில் இடம்பெற மேலும் நான்காண்டுகள், 1956 வரை, காத்திருக்க நேர்ந்தது.

அதற்குள் படைகள் குதிரையைக் கைவிட்டு இயந்திர வண்டிக்கு மாறிவிட்டன. அமெரிக்காவில் 1948 ஒலிம்பிக்குக்குப் பின் படையின் குதிரையேற்ற அணி கலைக்கப்பட்டது, புரவலர் மறைந்தார். அவ்விடத்தை நிரப்ப 1950இல் பொதுமக்களின் நன்கொடையால் இயங்கும் தேசியக் குதிரையேற்ற அணி அமைப்பு உருவாயிற்று. நாட்டின் பல பகுதிகளிலும் தேர்வுகள் நடத்தி இளம் வீரர்களை அது தேடியது. குதிரை வைத்திருந்த செல்வர்கள் தம் குதிரைகளை அணிக்கு இரவலாகத் தந்தனர். ஹங்கேரியிலிருந்து வந்த பெர்டலான் டி நெமெதி 1955 முதல் பயிற்சிப் பொறுப்பை ஏற்றார். மெக்சிகோவில் கோக்ஸை முந்தித் தங்கம் வென்ற வில்லியம் ஸ்டைன்கிராஸ் இவ்வமைப்பின் அணித்தலைவராக விளங்கியவர்.

இந்தியாவிலும் இவ்விளையாட்டை நெடுங்காலம் தாங்கியது படையே. 1982 புதுதில்லி ஆசிய விளையாட்டில், தடைதாண்டலை ஒரு பகுதியாகக் கொண்ட மூன்றுநிலைப் போட்டியில் தங்கம் வென்ற இரகுபீர் சிங், 61ஆம் குதிரைப்படையைச் சேர்ந்தவர். அதே போட்டியில் இந்தியாவுக்கு அடுத்த தனிநபர் பதக்கம் கிடைக்க 36 ஆண்டுகள் ஆயின. 2018இல் வெள்ளி வென்ற பெங்களூரைச் சேர்ந்த புவாத் மிர்சா, தனியார் நிறுவனம் ஒன்றின் ஆதரவுடன் ஜெர்மனியில் தங்கிப் பயின்றவர். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நடைப்பயிற்சி அணிப்பிரிவில் தங்கம் வென்ற நான்கு இளையோரும் ஐரோப்பாவில் பயிற்சி பெற்றவர்களே. படை தாங்கிய இடத்தில் இப்போது நிறுவனமும் குடும்பமும் நிற்கின்றன. குடும்பத்தால் இயலாதவருக்கு என்ன வழி என்னும் வினா இன்னும் அப்படியே இருக்கிறது.

பால்வண்டிக் குதிரையின் மகள்

படையும் இல்லை, செல்வமும் இல்லை. பெண் என்பதால் ஒலிம்பிக் வாயிலும் திறக்கவில்லை. அத்தகைய நிலையிலிருந்து மேலெழுந்தவர் இங்கிலாந்தின் பாட் ஸ்மைத். 1928இல் பிறந்த அவர் இளமையிலேயே தந்தையை இழந்தார். தாயும் மகளும் வீட்டில் கட்டணம் பெற்று விருந்தினரைத் தங்கவைத்துப் பிழைத்தனர். அவருக்குப் பெயர் தேடித் தந்த முதற்குதிரை பைனாலிட்டி. அதன் தாய் தெருத்தெருவாகப் பால்வண்டி இழுத்த குதிரை. பதின்ம வயதைக் கடக்குமுன்பே, 1947இல், பிரிட்டன் அணியில் ஸ்மைத் இடம்பெற்றார். 1952இல் தாயையும் சாலை விபத்தில் இழந்தார். அதன்பின் லாயத்தின் முழுச்சுமையும் 23 வயதுப் பெண்ணின் தோளில் விழுந்தது. அவர் நூல்கள் எழுதினார்; குதிரைகளையும் பிள்ளைகளையும் பற்றிய அவர் கதைகளைச் சிறுவர் விரும்பிப் படித்தனர்.

1956 ஒலிம்பிக் மெல்போர்னில் நடந்தது. ஆயினும், ஆஸ்திரேலியாவின் கடுமையான கால்நடைத் தனிமைப்படுத்தல் விதியால் குதிரையேற்றப் போட்டிகள் மட்டும் ஸ்டாக்ஹோமில் நடைபெற்றன. அங்கே பிரிட்டன் அணியுடன் ஸ்மைத் வெண்கலம் வென்றார். அன்று அவர் ஏறிய பிளானகன் என்னும் குதிரை அவருடையதன்று. இராபர்ட் ஹான்சன் என்னும் தொழிலதிபருடையது. அவ்வளவு உழைத்த பின்னரும், ஒலிம்பிக் களத்துக்கு அவரைக் கொண்டுசென்றது ஓர் இரவல் குதிரையே.

சீட்டில் விழும் குதிரை

பிறர் குதிரையை நம்பியே இளையோர் வர வேண்டுமெனில், அவ்விரவலை ஒருவரின் தயவாக இல்லாமல் போட்டியின் விதியாகவே ஆக்கிவிட்டால் என்ன? இவ்வெண்ணம் சில இடங்களில் நன்கு வேலை செய்திருக்கிறது.

அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே 1967இல் தொடங்கிய குதிரையேற்றப் போட்டி அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அங்கு மாணவர் எவரும் குதிரை கொண்டுவருவதில்லை. போட்டியை நடத்தும் கல்லூரி தன் குதிரைகளை நிறுத்தும். எந்தக் குதிரை எவருக்கு என்பது சீட்டுக் குலுக்கலில் முடிவாகும். சீட்டில் விழுந்த குதிரைமீது, முன்பயிற்சி இன்றி மாணவர் ஏறுவார். நடுவர் மதிப்பிடுவது வீரரின் அமர்வையும் ஆளுமையையும். சொந்தக் குதிரையின் விலை அங்கே செல்லாது. இதே முறையைப் பின்பற்றிப் பள்ளி மாணவர்க்கான அமைப்பும் 2002இல் தோன்றியது. சிங்கப்பூரில் 2010இல் நடந்த முதல் இளையோர் ஒலிம்பிக்கிலும் குதிரைகள் ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைக்கப்பட்டுக் குலுக்கல் முறையில் வழங்கப்பட்டன. அங்குத் தடைதாண்டலின் தனிநபர் தங்கத்தை வென்றவர், உருகுவே என்னும் சிறிய நாட்டிலிருந்து வந்த மார்செலோ சிரிகோ. பெரியோர்க்கான உலக வாகையர் போட்டியிலும் 2014 வரை, இறுதிக்கு வந்த நால்வரும் தத்தம் குதிரையோடு மற்ற மூவரின் குதிரைகளிலும் ஏறிக் காட்ட வேண்டும் என்னும் விதி இருந்தது. வெற்றிக்குக் காரணம் வீரரா, குதிரையா என்னும் பழைய வழக்கைத் தீர்க்க அது ஒரு வழி.

ஆனால், இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லை டோக்கியோவில் உலகின் கண்முன் வெளிப்பட்டது. ஐந்து விளையாட்டுகளை ஒன்றிணைத்த நவீன ஐந்திறப் போட்டியில், தடைதாண்டலுக்குரிய குதிரை குலுக்கலில்தான் வரும். பழகிக்கொள்ள இருபது நிமிடமே கிடைக்கும். 2021 ஆகஸ்டில் நடந்த மகளிர் போட்டியில் முன்னணியில் இருந்த ஜெர்மானிய வீராங்கனைக்கு வாய்த்த செயின்ட் பாய் என்னும் குதிரை, முந்தைய வீராங்கனையிடமே முரண்டு பிடித்துக் கலங்கியிருந்தது. வீராங்கனை அழுதார், குதிரை தாண்ட மறுத்தது. குதிரையைக் கையால் குத்தியதற்காகப் பயிற்றுநர் ஒருவர் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். அன்றைய காட்சிகளைக் கண்டவர் மனம் கொதித்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கோடு ஐந்திறப் போட்டியிலிருந்து குதிரையேற்றமே அகற்றப்பட்டது.

கல்லூரிப் போட்டியில் வேலை செய்த முறை இங்கே ஏன் தோற்றது? கல்லூரிப் போட்டிகளில் தடைகள் தாழ்ந்தவை. குதிரைகள் பலரைச் சுமந்து பழகியவை. அவற்றை அன்றாடம் அறிந்தவர்கள் அருகிலேயே நிற்பர். ஐந்திறப் போட்டியிலோ தடைகள் 1.20 மீட்டர் வரை உயர்ந்தவை. இழப்பதற்கு ஒலிம்பிக் பதக்கம் இருந்தது. குதிரையின் நிலையை நின்று பார்க்க நேரமில்லை. இரவல் குதிரை என்பது வாடகை மிதிவண்டி அன்று. இளையோர்க்குக் குதிரை வழங்கும் எந்தத் திட்டமும் குதிரைக்கும் பொறுப்பேற்க வேண்டும். இன்றேல் அது நெடுநாள் நிலைக்காது.

லாயத்தில் உழைப்பு

பணம் இல்லாதவர் உழைப்பைத் தந்து குதிரையேற்றம் பயில்வது இன்னொரு வழி. பின்னாளில், 2017இல், உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்தவரும், 2016 ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியுடன் வெள்ளி வென்றவருமான கென்ட் பாரிங்டன் குதிரை வளர்க்கும் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். அவர் எட்டு வயதில் முதன்முதலாக ஏறிப் பழகியது, சிகாகோ நகரில் சுற்றுலாப் பயணிகளுக்கான சாரட்டு வண்டி இழுக்கும் குதிரைகளின் லாயத்தில். பிறர் கொடுத்த எந்தக் குதிரையிலும் ஏறி ஏறியே அவர் வளர்ந்தார். விலையுயர்ந்த ஒரே குதிரையில் அமர்ந்து பழகியவருக்கு வாய்க்காத பயிற்சி அது என்று சொல்லலாம்.

பிலடெல்பியா நகரில் லெஸ்லி ஹைனர் 1994இல் தொடங்கிய திட்டம் இதனை முறையாக்கியது. வறிய பகுதிகளின் பிள்ளைகள் லாயத்தைக் கூட்டி, சாணம் அள்ளி, குதிரையைத் தேய்த்துவிட வேண்டும், பதிலுக்குக் குதிரையேறலாம். பள்ளியில் மதிப்பெண் குறைந்தால் சேணத்தில் இடமில்லை. அப்பிள்ளைகள் தேர்ந்துகொண்ட விளையாட்டு போலோ. தடைதாண்டலைப் போலவே செல்வர்க்கு உரியதாகக் கருதப்பட்டது அது. 2011இல் அவர்களின் அணி பள்ளிகளுக்கிடையேயான தேசியப் பட்டத்தை வென்றது.

மதிப்பெண் பற்றிய அந்த விதியைச் சற்று நின்று நோக்க வேண்டும். லாய உழைப்பு எளிதில் சுரண்டலாக மாறக்கூடியது. விடியலுக்கு முன் எழுந்து இரவுவரை பத்துக் குதிரைகளைப் பேணும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு, வாரத்துக்கு ஒருமுறை அரைமணிப் பயிற்சி தந்துவிட்டு அதனை உதவி என்று அழைக்கும் லாயங்கள் உண்டு. பள்ளியை விட்டுவிடு என்று சொல்லும் பயிற்றுநர்களும் உண்டு. குதிரை, தங்குமிடம், போட்டி வாய்ப்பு ஆகிய மூன்றும் ஒரே மனிதரின் கையில் இருக்கும்போது, அவர் இழைக்கும் தவற்றை எதிர்த்து வாய்திறக்கப் பிள்ளை அஞ்சும். பேசினால் மறுநாள் குதிரை இல்லை. ஆகவே, வேலை நேரம், பயிற்சி நேரம், படிப்பு, விடுப்பு ஆகியவற்றை எழுத்தில் வைப்பதும், முறையிட வெளியாள் ஒருவர் இருப்பதும் குதிரை கொடுப்பதற்கு இணையான உதவிகளே.

உரிமையாளரின் கையெழுத்து

மிகத் திறமையான வீரரையும் ஒரே நாளில் வெறுங்கையராக்கக்கூடியது குதிரை விற்பனை. ஒரு வீரர் ஐந்தாண்டு பழக்கி உயர்த்திய குதிரைக்குச் சந்தையில் விலை ஏறுகிறது. அதற்குக் காரணமே அவருடைய உழைப்புதான். அவ்விலை உரிமையாளர்க்குப் பெரும் ஆசை காட்டுகிறது. விற்றால் வீரர் மீண்டும் முதற்படியில் நிற்பார். உரிமையாளரைக் குறைகூறுவதும் எளிதன்று. பல்லாண்டுத் தீனிச்செலவை ஏற்றவர் அவர். ஒலிம்பிக் ஆண்டு நெருங்கும்போது இந்நெருக்கடி முற்றும். அவ்வாண்டின் தொடக்கத்திற்குள் குதிரையின் உரிமை வீரரின் நாட்டவரிடமே இருக்க வேண்டும் என்பது விதி. எனவே, வெளிநாட்டுச் செல்வர்கள் அதற்கு முன்பே விலைபேசத் தொடங்கிவிடுவர்.

இதற்குப் பலர் கண்டுள்ள தீர்வு கூட்டுரிமை. பத்துப் பன்னிரண்டு பேர் பங்கு சேர்ந்து ஒரு குதிரையை வாங்குகின்றனர், செலவு பகிரப்படுகிறது. இத்தனை ஆண்டுகள் விற்பதில்லை, விற்றால் வீரருக்கும் ஒரு பங்கு என்று முன்னரே ஒப்பந்தம் செய்துகொள்கின்றனர். தனி உரிமையாளரும் மனம் வைத்தால் அவ்வாறு காக்கலாம். இங்கிலாந்தின் நிக் ஸ்கெல்டன் பதின்ம வயதில் டெட் எட்கர் என்பவரின் லாயத்தில் வேலைக்குச் சேர்ந்து வளர்ந்தவர். 2000ஆம் ஆண்டு கீழே விழுந்து கழுத்தெலும்பு முறிந்து, ஓய்வு அறிவித்து, பிறகு திரும்பி வந்தார். அவருக்காகக் கேரி, பெவர்லி விடௌசன் இணையர் பிக் ஸ்டார் என்னும் இளங்குதிரையை வாங்கினர். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் அது அணித்தங்கம் வெல்லத் துணைநின்றது. பின்னர்க் காயத்தால் நெடுநாள் களத்துக்கு வராமல் கிடந்தது. அப்போதும் அவர்கள் அக்குதிரையை அவரிடமே விட்டுவைத்தனர். 2016 ரியோவில் அதே குதிரையில், தம் 58ஆம் வயதில், ஸ்கெல்டன் தனிநபர் தங்கம் வென்றார். அனுபவத்தில் மூத்த அவருக்கே இத்தனை பொறுமையுள்ள உரிமையாளர் தேவைப்பட்டனர். பதினேழு வயதினர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

மெக்சிகோவுக்குச் சென்றபோது ஸ்ட்ரோலருக்கு வயது 18. அங்கே அது பல்வலியோடுதான் தாண்டியது. 1971இல் களத்திலிருந்து ஓய்வு பெற்றது. அதன்பின்னும் கோக்ஸ் அதனை எவருக்கும் கொடுக்கவில்லை. தன் 36ஆம் வயதில், 1986இல், அது இறக்கும்வரை அவரிடமே இருந்தது.